வேலாங்காட்டுப்புதூரின் ஒரே கர்ப்பிணி

ஜூலை 1

மாதாந்திரக் கூட்டம். டாக்டருக்கு முப்பத்தோரு வயது. எங்களோடு பேசுவதே தன் படிப்புக்கு அவமானம் என்கிற முகத்தோடு சுற்றறிக்கையை வாசித்தார். இந்த வருடம் முடிவதற்குள் ஒரு பிரசவமாவது கணக்கில் வராத துணை சுகாதார நிலையங்களைப் பக்கத்து நிலையத்தோடு இணைத்துவிடுவார்களாம். குழந்தை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சரி, அந்த நேரத்தில் தாய் எந்த நர்சின் பகுதியில் தங்கியிருக்கிறாளோ, அந்த நிலையத்துக்குத்தான் எண்ணிக்கை.

என் வேலாங்காட்டுப்புதூர் நிலையத்தில் ஜனவரியிலிருந்து பூஜ்யம்.

"ஏன் சிஸ்டர் உங்க ஏரியாவுல ஒண்ணுகூடப் பிறக்கலை?" என்றார், நான் ஏதோ ஊர்வாசலில் நின்று திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதுபோல.

"ஐம்பத்துநாலு வயசுல நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றேன்.

இருபது நர்சுகள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. மெமோ வரும் என்றார்.

இதே கூடத்தில் இருபத்தெட்டு வருடம் முன்பு எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மார்ச் மாத இலக்குக்கு மேல் ஆறு பெண்களைக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கூட்டி வந்ததற்கு. பிறக்காமல் பார்த்துக்கொண்டால் கடிகாரம், பிறக்காமல் போனால் மெமோ. இடையில் நான் ஒருத்திதான் மாறவில்லை, இடுப்பைத் தவிர.

இணைத்தால் நான் கொல்லம்புதூர் போக வேண்டும். அங்கே புனிதவதி நர்ஸ். என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னைவிட நல்ல கையெழுத்து, இரண்டையும் மன்னிக்க முடியாது. நிலையத்தின் பின்னாலிருக்கும் என் குடியிருப்பையும் பூட்டிவிடுவார்கள். இருபத்தொன்பது வருடம் இருந்த வீடு. மழைக்கு ஒழுகும். ஒழுகட்டும், என் வீடு.

ஜூலை 4

களப்பணி. முன்னூற்று எழுபது வீடு. நூற்றுப் பத்து பூட்டு. மிச்சத்தில் பாதியில், மூன்று மாடி கட்டி, மேலே ஏற முடியாமல் கீழே கட்டில் போட்டுப் படுத்திருக்கும் இரண்டு கிழடுகள். மேல் மாடி யாருக்கு என்று கேட்டேன். "பையனுக்குங்க. கனடாவுல இருக்கான். வந்தா தங்கோணுமில்ல?" வருவானா என்று கேட்க வாய் வந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த ஊர்க்காரர்கள் ஒரு பிள்ளைக்கு மேல் பெறமாட்டார்கள். காடு பிரியக் கூடாதாம். காடு பிரியவில்லை, உண்மைதான். உழுவதற்கு ஆள்தான் இல்லை. அங்கன்வாடியில் இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று ஆயாவின் பேத்தி. மில் குவார்ட்டர்ஸில் இருந்த ஒடிசாப் பெண்களை வைத்து மூன்று வருடம் மானத்தைக் காப்பாற்றினேன். மில்லையும் மூடிவிட்டார்கள்.

என் பெட்டியில் இரும்புச்சத்து மாத்திரை தேதி முடிந்து கிடக்கிறது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பத்தாம் தேதிக்கே தீர்ந்துவிடுகின்றன.

ஜூலை 9

கிடைத்துவிட்டாள்!

தெய்வாத்தாள் வீட்டு மருமகள் கீர்த்தனா. ஐந்தாம் மாதம். கண் பட்டுவிடும் என்று ஊருக்கே மறைத்து, டவுனில் தனியார் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் போனது தெய்வாத்தாளின் சர்க்கரையைப் பார்க்க. துணிக்கொடியில் தொளதொளவென்று புது நைட்டி நான்கு தொங்கியது. அந்த வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை ஒல்லி மருமகள் மட்டுந்தான். போலீஸுக்குப் போயிருக்க வேண்டியவள் நான்.

"எத்தனை மாசம்?" என்றேன் நேராக.

தெய்வாத்தாள் வாசல் கதவைச் சாத்தினாள். "சத்தம் போடாதீங்க நர்சம்மா. கல்யாணமாகி ஆறு வருசம். இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்திருக்குது."

புது தாய் சேய் அட்டை எடுத்து எழுதினேன். கீர்த்தனா, வயது இருபத்தொன்பது. கணவன் தரணிதரன். தாய்வீடு கொல்லம்புதூர். தாயின் பெயர் வசந்தாமணி. அந்தப் பெயரை எழுதும்போது பேனா சற்று நின்றது. மை தீர்ந்திருக்கும்.

ஜூலை 10

பேனாவில் மை இருக்கிறது.

ஜூலை 22

புனிதவதி போன் செய்தாள். மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அக்கா, கீர்த்தனாவுக்கு அட்டை போட்டுட்டீங்களாமே. சந்தோசம். எனக்கு அலைச்சல் மிச்சம்."

"உனக்கென்ன அலைச்சல்? அவ என் ஏரியா."

"இப்ப உங்க ஏரியா. கட்டுச்சோறு விருந்து முடிஞ்சா எங்க ஏரியா. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானேக்கா? எங்களுக்கும் இந்த வருசம் ஒண்ணுகூட இல்ல. நல்லாப் பாத்துக் குடுங்க."

பார்த்துக் கொடுக்கவாம். நான் என்ன நாற்றுப்பண்ணையா நடத்துகிறேன்?

ஆனால் அவள் சொன்னது சரி. எங்கள் பக்கம் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, பெண்ணைப் பெற்றவர்கள் ஏழு வகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு வந்து, விருந்து வைத்து, பெண்ணைக் கையோடு கூட்டிப்போவார்கள். போனால் குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபிறகுதான் திரும்புவாள். இத்தனை வருடம் அந்த விருந்துகளில் புளிச்சோறும் எள்ளுச்சோறும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். எனக்கு எதிரான சதி அது என்று தெரியாமல்.

ஆகஸ்ட் 19

கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆவணியில், இந்த மாதம் முப்பத்தோராம் தேதி.

வசந்தாமணிக்கு ஒரே பெண். ஏன் ஒரே பெண் என்பதை இந்த நோட்டில் எழுத வேண்டிய அவசியமில்லை.

நவநீதன் போன் பண்ணினான். என் ஒரே பிள்ளை, முப்பத்திரண்டு வயது, கோயம்புத்தூரில் வேலை. இன்னொரு ஜாதகமும் திரும்பி வந்துவிட்டது. பெண் வீட்டார் சொந்த வீடு, சொந்தக் கார், சொந்தத் தலைமுடி மூன்றும் கேட்கிறார்கள். பெண் எங்கே கிடைக்கிறாள் என்று அலுத்துக்கொண்டான். எனக்கு ஏதும் தெரியாததுபோல "ம்" கொட்டினேன்.

ஆகஸ்ட் 23

இன்று தெய்வாத்தாள் வீட்டுக்குப் போனேன். கீர்த்தனாவுக்குப் பிரஷர் பார்த்தேன்.

அட்டையில் 140/90 என்று எழுதினேன்.

"கொஞ்சம் கூடுதலா இருக்கு. இந்த நிலைமையில இடம் மாத்தறது நல்லதில்ல. இங்கயே படுத்த படுக்கையா இருந்தா தேவலை" என்றேன்.

தெய்வாத்தாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆறு வருடம் காத்திருந்த பேரப்பிள்ளையைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப அவளுக்கும் மனமில்லை. "நானும் அதையேதான் நெனச்சேனுங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

கட்டுச்சோறு ரத்து. புரட்டாசியில் இந்த விசேஷம் செய்யமாட்டார்கள். ஐப்பசிக்குள் வேறு காரணம் யோசித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 24

110/70.

ஏதோ எண் ஞாபகம் வந்தது. எழுதிவைத்தேன்.

செப்டம்பர் 6

டவுன் டாக்டர் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். தெய்வாத்தாளே என்னைக் காப்பாற்றினாள்.

"ஏசி ரூம்ல குளுகுளுன்னு படுக்க வெச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் கம்மியாத்தான் காட்டும். நீங்க நம்ம வூட்டு வெயில்ல பாத்தீங்க. அதான் நெசம்."

இப்படிப்பட்ட புத்திசாலிகள் இருக்கும் ஊரில் நான் இருபத்தொன்பது வருடம் சுகாதாரம் போதித்திருக்கிறேன். என் போதனை எந்த அழகில் இறங்கியிருக்கிறது என்பது தெரிகிறது.

மருமகளுக்கு உப்பில்லாத சோறு. அதுவும் மாமியாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 27

கீர்த்தனாவின் எடை போன மாதத்தைவிட அரைக் கிலோ குறைந்திருக்கிறது. ஏற வேண்டிய காலம் இது. சோறு இறங்கவில்லையாம்.

"நர்சம்மா, எனக்கு என்னமோ ஆயிருமா?" என்று கேட்டாள். கட்டிலைவிட்டு இறங்கக்கூடப் பயப்படுகிறாள். கழிவறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள், திடமான பெண்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை.

சரி, எழுதியே விடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள். இருபத்தெட்டு வருடம் முன்பு நான் கூட்டிப்போன அந்த ஆறு பேரில் கடைசி ஆள் வசந்தாமணி. அப்போது கொல்லம்புதூரும் என் பகுதிதான். கீர்த்தனாவுக்கு அப்போது ஒரு வயது. இரண்டு குழந்தை இருந்தால்தான் ஆபரேஷன் என்பது விதி. நான் ஃபாரத்தில் இரண்டு என்று எழுதினேன். அவளுக்கு இன்னொன்று பிறந்திருக்கும், பையனாகக்கூட. நான் பிறக்கவிடவில்லை. இந்த ஊர் இப்படி மொட்டையாகிப்போனதற்கு யார் காரணம் என்று கூட்டத்தில் கேட்கிறார்களே, நான்தான். நான் ஒருத்திதான். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 8

காலை பதினோரு மணிக்கு வசந்தாமணி நிலையத்துக்கு வந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எங்கள் இருவருக்கும் நரைத்திருக்கிறது. அவள் மறைக்கவில்லை, நான் மறைக்கிறேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒயர்கூடையிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"எங்கூட்டுக்காரருக்கு வாங்குனதுங்க. இப்ப எந்த வூட்டுலதான் இந்த மிசினு இல்ல? நேத்து மகளப் பாக்கப் போயிருந்தேன். சம்பந்தியம்மா பால் கறக்கப் போனப்ப மூணு வாட்டி பாத்தேன். மூணு வாட்டியும் நூத்திப் பத்து, எழுவது."

பேசியிருக்கக் கூடாததைப் பேசினேன்.

"வசந்தாமணி, உனக்கு நான் பண்ணுன பாவம் ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அந்த ஃபாரத்துல..."

"எந்த ஃபாரம்?"

"ஆபரேஷன் ஃபாரம். ஒரு குழந்தைய ரெண்டுன்னு எழுதி உன்னைக் கூட்டிட்டுப் போனேனே. உனக்கு இன்னொண்ணு..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"ஏனுங்க, அத நீங்க பண்ணுனதாவா இத்தனை வருசம் நெனச்சுட்டிருக்கீங்க? என்ற மாமியா வூட்டுல ஒம்பது உருப்படி. ஒம்பதுக்கும் சோறாக்கி என்ற கை தேஞ்சுபோச்சு. ஒண்ணு போதும், அதையாச்சும் காலேசு படிக்க வெக்கோணும்னு நான் முடிவு பண்ணி மூணு மாசம் பொறுத்துத்தான் நீங்க எங்கூட்டுப் பக்கம் வந்தீங்க. ரெண்டு கொழந்தை இல்லாட்டி ஆவாதுன்னு நீங்கதான் இழுத்தீங்க. பக்கத்து வூட்டுப் பையன் பேரையும் சேத்து எழுதுங்கன்னு சொன்னதே நானு. மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருக்கிறது. இப்போது லேசாக ஞாபகம் வருகிறது. அவள்தான் சொன்னாள். பையனின் வயதைக்கூட அவளேதான் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க வந்து சொன்னதுனாலதான் இந்தப் பக்கமே புள்ள பெக்கறத நிறுத்துனம்னு நெனப்பாக்கும்? உங்க போஸ்டரு ஒட்டுன செவுத்துல நாங்க வறட்டி தட்டுனமுங்க. எங்க வூடு, எங்க வவுறு, எங்க கணக்கு. நீங்க ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுனீங்க. அவ்வளவுதான்."

ஒரு ஊரையே காலி செய்தவள் என்று இருபத்தெட்டு வருடம் எனக்கு நானே பட்டம் கொடுத்துவைத்திருந்தேன். அதற்காக எத்தனை இரவு விழித்திருக்கிறேன். வழிகாட்டிப் பலகையாம் நான். பலகைக்குக் குற்ற உணர்ச்சி எதற்கு?

அவள் மிஷினைக் கூடையில் திரும்ப வைத்தாள். குரல் தணிந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"அன்னிக்கு நீங்க எழுதுன பொய்யி எனக்காகங்க. இப்ப எழுதுனது உங்களுக்காக. புனிதவதியம்மா சொன்னாங்க, ஒரு பிரசவமாவது இல்லாட்டி உங்க ஆபீசப் பூட்டிப்போடுவாங்களாம். எனக்கு இருக்கறது ஒரு புள்ள. அது இன்னொண்ணு பெக்கமாட்டேன்னு இப்பவே சொல்லிப்போட்டுது. எம்மக பிரசவத்துக்குனு எங்கூட்டுக்கு வரது இந்த ஒரு வாட்டிதான். அந்த ஒரு வாட்டியவும் உங்க நோட்டுக்குள்ள போட்டுக்கப் பாக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?"

"தெய்வாத்தாள்கிட்ட நீயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன், இன்னும் தப்பிக்க வழி தேடி.

"மககிட்டக்கூட இன்னம் சொல்லலீங்க. நான் சொன்னா சம்பந்திச் சண்டைம்பாங்க. எழுதுன கைதான் அழிக்கோணும்."

போய்விட்டாள். "வாரேனுங்க" என்றுகூடச் சொன்னாள். மரியாதை குறையாமல் காறித் துப்ப இந்தப் பக்கத்துப் பெண்களால்தான் முடியும்.

அக்டோபர் 9

அழித்துவிட்டேன்.

காலையில் தெய்வாத்தாள் வீட்டுக்குப் போய், மாமியார், மகன், மருமகள் மூவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். பிரஷர் அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது, என் கணக்குக்கு ஒரு பிரசவம் வேண்டி நான் பொய்யாக எழுதினேன் என்று. வழியெல்லாம் "மிஷினில் கோளாறு" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றிவிட்டேன். இதைப் பெருமையாக எழுதவில்லை. வசந்தாமணி மறுபடி மிஷினோடு வருவாள் என்ற பயம் பாதிக் காரணம்.

முதலில் எழுந்தது கீர்த்தனா. சுவரைப் பிடிக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியோடு வந்து, எங்கள் முன்னால் நின்றுகொண்டே விரலால் எடுத்து நக்கினாள்.

"ஒன்றரை மாசம் நர்சம்மா. ஒன்றரை மாசம் பேய் மாதிரி மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடந்தேன். தினமும் ராத்திரி கொழந்தை அசையுதான்னு வயித்துல கைய வெச்சுட்டே முழிச்சிருந்தேன். உங்களுக்கு ஒரு நோட்டுல கோடு போடறதுக்கு."

தரணிதரன் கைபேசியை எடுத்து, புகார் சொல்ல என் மேலதிகாரி டாக்டரின் நம்பர் கேட்டான். கொடுத்தேன். தெய்வாத்தாளுக்குத்தான் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டவுன் டாக்டரை நம்பாமல் என்னை நம்பியவள் அவள்தானே.

"படிச்ச மூதேவிகளே இப்படியிருந்தா நாங்க யாரத்தான் நம்பறது? இனி இந்த வாசப்படி ஏறாதீங்க. என்ற சர்க்கரைய நானே பாத்துக்கறேன்" என்றாள்.

அட்டையில் 140/90ஐ அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14

ஒழுங்கு நடவடிக்கை, விதி 17(அ) மெமோ. ஊதிய உயர்வு நிறுத்தம். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் நீட்டினார்.

"எதுக்கு சிஸ்டர் இப்படிப் பண்ணீங்க? ஒரே ஒரு கேஸுக்காக?"

"ஒண்ணுதான் சார் இருந்துச்சு."

நவம்பர் 2

கட்டுச்சோறு விருந்து. எனக்கு அழைப்பில்லை. டெம்போவில் வந்து இறங்கினார்கள், வசந்தாமணி முன்சீட்டில், மடியில் எள்ளுச்சோற்றுத் தூக்கு. அழைக்கப்பட்டவர்கள் நூற்றிருபது பேர், முக்கால்வாசி கிழடுகள். பந்தியில் உட்கார மட்டும் கால் மடங்குவதில்லை, எல்லோருக்கும் நாற்காலி மேசை. வளையல் போட்டுவிடப் பிள்ளை பெற்ற இளம்பெண்கள் ஐந்து பேர் வேண்டும். ஊரில் மூன்றுதான் தேறினார்களாம். மீதி இரண்டு பேரைக் கொல்லம்புதூரிலிருந்து டெம்போவிலேயே ஏற்றி வந்திருக்கிறார்கள். விருந்துக்குப் போய்விட்டு மாத்திரை வாங்க வந்த கிழவர்கள் சொன்னது இதெல்லாம். ஏப்பத்தோடு.

மூன்று மணிக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு டெம்போ என் நிலையத்தைத் தாண்டிப் போனது. நான் சன்னலில் நிற்கவில்லை. சன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 28

புனிதவதி போன். "அக்கா, பொண்ணு. மூணு கிலோ. சுகப்பிரசவம்."

"உன் கணக்கு" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள்.

டிசம்பர் 31

மொத்தப் பிறப்பு: இல்லை. இறப்பு: பதினேழு. கையெழுத்து: கே. சுலோச்சனா, கிராம சுகாதார செவிலியர்.

ஜனவரி 5

இணைத்துவிட்டார்கள். சாமான்களை வேனில் ஏற்றினேன். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். கண்ணீர் என்று நினைத்தேன். பிரஷர் மாத்திரை இனி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

ஜனவரி 9

கொல்லம்புதூரில் முதல் வேலை. புனிதவதி பயிற்சிக்குப் போய்விட்டாள். ஒரு நாற்பத்திரண்டாம் நாள் குழந்தையை எடை பார்க்கும் வேலை என் தலையில். பதிவேட்டில் பெயரைப் பார்த்துவிட்டு, தலைவலி என்று விடுப்பு எழுதலாமா என யோசித்தேன். விடுப்புப் படிவத்திலும் பொய்தான் எழுத வேண்டியிருக்கும்.

வசந்தாமணி கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை, ஒதுங்கி நின்றாள். கீர்த்தனா கட்டிலில் உட்கார்ந்து பருப்புச்சாதம் தின்றுகொண்டிருந்தாள். கன்னம் வைத்திருக்கிறது. என்னைப் பார்த்து, "உப்பு போட்டது" என்றாள்.

உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டி, தூளியில் குழந்தையைப் போட்டேன். கறுகறுவென்று தலை நிறைய முடி. யாரையும் மதிக்காமல் கொட்டாவி விட்டது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, முள்ளைப் பார்க்கக் குனிந்தேன்.

"நகருங்க நர்சம்மா" என்றாள் வசந்தாமணி.

நகர்ந்தேன். அவள் தராசுக்கு முன்னால் வந்து நின்று, முள் ஆடி நிற்கும்வரை பொறுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நாலு கிலோ இருநூறு. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.